கம்பெனியை மெச்சிய கடிதம்

மார்ச் 4

அன்பு நெட்டைக்கு,

நீ புதுத் தொழிற்சாலைக்குப் பயிற்சியாளனாகப் போனதிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. பதவி வந்ததும் விரல் சுளுக்கிக்கொண்டதா?

இங்கே அதே டயர் கட்டும் பிரிவு, அதே தோள்வலி. ஒரு யோசனை வேண்டும். பஸ் டெப்போவில் டயர் பார்க்க ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஓர் இடம். சம்பளம் குறைவு, ஆனால் பகல் வேலை மட்டும். வீட்டுக்காரி கேட்கவே மாட்டேன் என்கிறாள். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடும். பெரிய கம்பெனியை விட்டுட்டு யாராவது போவாங்களா?" என்கிறாள்.

இங்கேயே இருப்பதில் என்ன லாபம், என்ன நஷ்டம்? மேலிடத்தோடு பழகுகிறவன் நீ. ஒளிக்காமல் எழுது. மாதம் முடிவதற்குள் டெப்போவுக்கு மனுப் போட வேண்டும்.

உன்
கட்டையன்

மார்ச் 11

அன்பு கட்டையனுக்கு,

திட்டு கிடைத்தது. சுகமாக இருக்கிறேன்.

நன்றாக யோசித்துப் பார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் கம்பெனி ஆஸ்பத்திரி. படிப்புக்கு உதவி. வாசலில் பஸ் வந்து நிற்கிறது. கேன்டீன் சாப்பாடுகூட அப்படியொன்றும் மோசமில்லை, இந்தக் காலத்தில் யார் அப்படிப் போடுகிறார்கள்? கம்பெனி பெயரைச் சொன்னால் வெளியே ஒரு மரியாதை. நஷ்டம் என்று பார்த்தால் சூடு இருக்கிறது, ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுகிறது, மூக்கைச் சிந்தினால் கரி வருகிறது. எந்த வேலையில்தான் கஷ்டமில்லை?

இங்கே புது மெஷின்களை ஓட்டிப் பார்க்கிறோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவசரப்பட்டு எதுவும் செய்துவிடாதே. தங்கச்சிக்கு என் அன்பு.

நெட்டை

மே 2

கட்டையா,

டயர் கட்டும் பிரிவை மூடப்போவதாக அங்கே அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. எப்படி வரும்?

எனக்கு முன்பே தெரியும். இங்கே ஓட்டிப் பார்க்கிற புது மெஷின் அங்கே வந்தால் உங்கள் பிரிவு தேவையில்லை. அதை ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னவனே நான்தான். "இந்த விஷயம் வெளிய போச்சுன்னா நீயும் வெளிய போயிடுவ" என்றார் மேனேஜர். உன் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. "டெப்போவுக்குப் போ" என்று இரண்டே சொல் எழுதியிருந்தால் போதும். பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரியையும் பஸ்ஸையும் பற்றி எழுதினேன்.

திட்டியாவது எழுதடா.

நெட்டை

மே 10

அன்பு நெட்டைக்கு,

நான் டெப்போவில்தான் இருக்கிறேன். ஏப்ரலிலேயே சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கேன்டீன் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று தட்டோடு கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தவன் நீ. நீயா அதை மெச்சி எழுதுகிறாய்? வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். "அண்ணன் எதையோ முழுங்குறாரு. நீங்க கிளம்புங்க" என்றாள். மறுநாளே போய் மனுப் போட்டேன்.

உன்மேல் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை நாள் நான் எழுதாததற்குக் காரணம் நீ இல்லை.

நம் வரிசையில் மூன்றாவது மெஷினில் நிற்பானே, சோடாபுட்டி, அவன்தான் காரணம். மார்ச் கடைசியில், "பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சுடா, கம்பெனி வேலைன்னு சொன்னதுமே சரின்னுட்டாங்க" என்று முகமெல்லாம் பல்லாக வந்து சொன்னான். நான் கைகுலுக்கினேன். அவனும் டெப்போவுக்கு மனுப் போட நினைத்துக்கொண்டிருந்தான். போட்டிருந்தால், அனுபவத்தில் மூத்தவன், அவனுக்குத்தான் கிடைத்திருக்கும். "கம்பெனியை விடாதே, இந்த நேரத்தில் எதுக்கு?" என்று நானே சொன்னேன். நீ எனக்கு எழுதியதை அப்படியே அவனுக்கு ஒப்பித்தேன்.

இப்போது மாப்பிள்ளை வீட்டில் "யோசிச்சு சொல்றோம்" என்கிறார்களாம். நேற்று டெப்போவுக்கு வந்தான். "உனக்கு மட்டும் எப்படிடா முன்கூட்டியே புத்தி வந்துச்சு?" என்று கேட்டான்.

"அதிர்ஷ்டம்டா" என்றேன். நம்பிவிட்டான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை, நெட்டை. ஞாயிற்றுக்கிழமை வா. அவன் வீட்டுக்கு இருவரும் போவோம். யார் முதலில் வாயைத் திறப்பது என்று போகிற வழியில் முடிவுசெய்யலாம்.

கட்டையன்