ஸ்கொட்லாந்துக்குத் தனியே போகலாமா என்று நீ கேட்டதற்கு

ஸ்கந்தபுரம்,
17.06.1963

அன்பு மகள் அருந்ததிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் அந்தச் சீமைக் குளிரிலும் ஆஸ்பத்திரியில் தாதியாகப் பார்க்கிற இரவு வேலையிலும் உடம்பைப் பழுதாக்கிக்கொள்ளாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் வந்து ஐந்து கிழமையாகிறது. அப்பா யோசிக்கிறார் என்று நினைத்திருப்பாய், அது பாதிதான் உண்மை, மற்றப் பாதி பயம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்த வெக்கையிலும் ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். சிறுபோகத்துக்கு வாய்க்கால் தண்ணீர் முறைப்படி வருகிறது, கீழ்வரம்பு இரண்டு இடத்தில் உடைந்து திரும்பக் கட்டினேன், சிவப்பி நாகுகன்று ஈன்றிருக்கிறது. இவற்றையெல்லாம் முதலில் எழுதுவது உன் கேள்விக்கு வராமல் சுற்றுவதற்குத்தான் என்று உனக்குத் தெரிந்துவிடும், ஆகவே வருகிறேன்.

விடுமுறையில் ஏழு நாள் ஸ்கொட்லாந்துப் பக்கம் தனியே சைக்கிளில் போய் இரவில் கூடாரம் அடித்துத் தங்க ஆசை, நீங்கள் வேண்டாம் என்று ஒரு சொல் எழுதினால் போகமாட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல்லை மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் கிழித்தேன். இருபத்தாறு வயதுப் பிள்ளை, உயிர் போகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிந்தவள், என்னிடம் கேட்கிறாள். நானோ முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் இலிகிதராக இருந்து இந்த வன்னி முழுவதையும் கடதாசியில் பிரதி பண்ணியவன், இதில் ஒரு காட்டோரத்திலும் ஓர் இரவு தனியே கிடந்தறியாதவன். தெரியாத ஒன்றை வேண்டாம் என்று எழுதுவது எப்படி, சரி என்று எழுதுவதுதான் எப்படி. ஆகவே ஒருநாள் நானே சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு மறுமொழி எழுதுவது என்று முடிவு செய்தேன். அறுபத்துமூன்று வயதில் அது புத்தியான காரியமோ என்று எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.

பத்தொன்பது சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன், ஒட்டுப்போடும் பசையிலிருந்து, கூடாரத்துக்குப் பதிலாக நெல்லு மூடும் பழைய படங்கு வரை. அம்மா சண்டை பிடிப்பாள் என்று பயந்திருந்தேன், அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் கட்டுச்சோறு கட்டித் தந்தாள், எனக்கு அது பெரிய ஆச்சரியம். போன புதன்கிழமை விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு ஒன்பது மணிக்கு முன் மாங்குளம் போய்விட்டேன். அதிலிருந்து கிழக்கே திரும்பியதும் கச்சான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது, ஒட்டுசுட்டான் வரை கால் நோ தெரியவில்லை. அங்கே தேத்தண்ணிக் கடையில் இறங்க, கடைக்காரப் பெண் என்னையும் மூட்டையையும் பார்த்து, "ஆரின்ரை செத்தவீடு ஐயா, ஆருக்குச் சொல்லப் போறியள்?" என்று கேட்டார். ஒரு கிழவன் தனியே இவ்வளவு தூரம் மிதித்து வந்தால் இந்தப் பக்கத்தில் இழவு சொல்வதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒருவரும் சாகவில்லை, சும்மா போகிறேன் என்றேன். "சும்மாவோ? அப்ப வீட்டில சண்டை" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரக்கப்பட்டுச் சீனி கூடப் போட்டுத் தந்தார். நெடுங்கேணிப் பாதையில் இரவு தங்க நல்ல இடம் உண்டோ என்று கேட்டேன். "கட்டையடியில வலக்கைப் பக்கம் திரும்புங்கோ, பிள்ளையார் கோயில் வெளியும் கிணறும் இருக்கு, ஒரு பயமும் இல்லை" என்றார்.

கட்டை என்றால் மைல்கட்டை, வேறென்ன. எத்தனையாம் கட்டை என்று கேட்டிருக்கவேண்டும், விசர்க் கிழவன் என்று நினைப்பாரோ என்று கேட்காமல் வந்துவிட்டேன். தெற்கே திரும்பியபின் காற்றும் எதிராகிவிட்டது. ஒவ்வொரு கட்டையடியிலும் இறங்கி இலக்கத்தை வாசித்தேன், ஒன்றின் வலப்பக்கத்திலும் பாதை இல்லை. நடுவில் ஓர் இடத்தில் பெரிய பாலைமரத்தின் அடி ஒன்று கருகிப்போய்க் கிடந்தது, அதில் குந்தியிருந்து அம்மாவின் சோற்றில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் மைல்கட்டை தேடிப் போனேன். பொழுது சரிந்துவிட்டது, காட்டைத் தவிர ஒன்றும் இல்லை. கடைசியில் புல் மிதிபட்டுச் சமமாக இருந்த ஒரு வெளியைக் கண்டு, நல்ல இடம் என்று இரண்டு மரத்துக்கு நடுவே படங்கைக் கட்டத் தொடங்கினேன். நாலு முடிச்சுப் போட முக்கால் மணித்தியாலம்.

அப்போது பாதையில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது, அதற்கு முதலே கருவாட்டு மணம் வந்துவிட்டது. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு நெடுங்கேணிச் சந்தைக்குப் போகிற யாக்கோப்பு என்பவர். ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டு, "ஐயா, ஆனைக்கோ பந்தல் போடுறியள்?" என்று கேட்டார். அந்தப் புல்லை மிதித்துச் சமமாக்கியது யார் என்று அப்போதுதான் விளங்கியது, போட்ட நாலு முடிச்சையும் அவிழ்க்கத் தொடங்கினேன். கோயில் வெளியைத் தேடி வந்த கதையையும், நடுவில் குந்தியிருந்து சாப்பிட்ட கதையையும் சொன்னேன். அவர் சைக்கிளைக் கீழே கிடத்திவிட்டுச் சிரித்தார். "நீங்கள் ஏறி இருந்து சோறு திண்டதுதான் ஐயா கட்டையடி. கட்டை எண்டால் மரக்கட்டைதானே. படிச்ச ஆக்களுக்குத்தான் அதில இலக்கம் வேணும்" என்றார்.

தன் பாதையை விட்டு இரண்டு மைல் என்னோடு திரும்பி வந்து கோயில் வெளியைக் காட்டினார். பதினொரு வருடமாகக் கிழமைக்கு ஒரு தரம் தனியே இந்தக் காட்டால் போகிறாராம். பயமில்லையோ என்று கேட்டேன். "பயம்தான். நான் பயப்பிடுறன் எண்டு கருவாடு தானா நடந்து சந்தைக்குப் போகுமோ? மாதாவே எண்டு மிதிக்கிறது" என்றார். பிறகு, "என்னோட வாங்கோ ஐயா, நெடுங்கேணியில தெரிஞ்ச வீடு இருக்கு, பாய் தருவினம்" என்று கூப்பிட்டார். உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன், நான் ஒரு காலை மிதிகட்டையில் வைத்துவிட்டேன். அந்தப் பாயில் படுத்தால் உனக்கு வேண்டாம் என்றுதான் எழுத வரும் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. காலை எடுத்தேன். ஏன் என்று கேட்டார், உன்னைப் பற்றிச் சொன்னேன். பெட்டிக் கயிற்றை இழுத்துக் கட்டியவர், "பிள்ளைக்குச் செயின் கழண்டால் கொழுவத் தெரியுமோ?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதிலேயே எனக்குக் கொழுவித் தந்தவள் என்றேன். "அப்ப என்ன?" என்றுவிட்டு ஏறிப் போய்விட்டார்.

இரவைப் பற்றி அதிகம் எழுத இல்லை. இலை விழுந்தாலும் எழுந்து இருந்தேன். வயற்காவல்காரர் தூரத்தில் கூவுகிறபோது மட்டும் நெஞ்சு சரியாக அடித்தது. நித்திரையே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறக்க, படங்கின் ஓட்டைகளால் வெயில் வந்துகொண்டிருந்தது. கிணற்றில் அள்ளி மூன்று கல்லு வைத்துத் தேத்தண்ணி போட்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான் இந்த நேரம் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒரு கருவாட்டு வியாபாரியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பயப்படவேண்டிய நினைப்பு, எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. இன்னொரு தேத்தண்ணியும் போட்டேன். பயம் போய்விட்டது என்று எழுதமாட்டேன், பயமும் இருந்தது, தேத்தண்ணியும் ருசியாக இருந்தது. இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சைக்கிளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைக் கண்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "நீங்கள் மாங்குளத்தோட பயந்து திரும்பி வந்து, பிள்ளைக்கு வேண்டாம் எண்டு எழுதுவியள் எண்டுதானே நான் சோறு கட்டித் தந்தனான்!" என்றாள். நாலு நாள் சோறு போடுகிறபோது மட்டும்தான் என்னோடு கதைத்தாள்.

ஆகவே மகள், போய் வா. நான் பட்டதிலிருந்து சில காரியங்கள்: வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தைக் கட்டு. வழியை ஒருவரிடம் கேட்டது போதும் என்று விடாதே, இரண்டாவது ஆளிடமும் கேள், வெட்கப்படாதே, நான் வெட்கப்பட்டு நாலு மைல் வீணாக மிதித்தேன். அங்கே ஆனை இல்லை என்று நினைக்கிறேன், வேறு என்ன உண்டு என்று விசாரித்து வை. அப்பா தவிப்பார் என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், தவிப்பது என் வேலை, அதை நான் ஒழுங்காகச் செய்வேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் சேர்த்து எழுது.

இதுவரை எழுதிவிட்டு, என்னுடைய ஆசீர்வாதம் என்று மட்டும் போட்டு முடிக்க இருந்தேன். குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா இந்தப் பக்கம் திரும்பாமலே, "செவ்வாய்க்கிழமை வெளிக்கிட வேண்டாமெண்டு எழுதுங்கோ" என்றாள். அவ்வளவுதான், பிறகும் புடைத்துக்கொண்டே இருக்கிறாள். மறக்காமல் அப்படியே செய். வெளிக்கிடும் திகதியையும் என்ன கிழமை என்பதையும் உடனே எழுது, கேட்பாள். கந்தன் உனக்கு முன்னும் பின்னும் நிற்பான். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு.

உன் அன்பு அப்பா,
வீ. கதிர்காமநாதன்