அம்மாவின் எண்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள். நான் சௌக்கியமாக இருக்கிறேன்.

போன ஞாயிறு, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு தோழிகளோடு மலை ஏறினேன். காலையில் வெயில் பளீரென்று அடித்தது. ஊரும் ரோடும் கண்ணுக்கு எட்டாத முகட்டில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று பனி மூடி, ஆலங்கட்டி மழை கொட்டியது. பாதையே தெரியவில்லை. மூவரும் ஒரு பாறையடியில் ஒண்டிக்கொண்டோம். பயப்படாதீர்கள், ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கிவிட்டோம். என் தொப்பிதான் பறந்துபோய்விட்டது.

அங்கே ஒருத்தியின் போனில் மட்டும் சிக்னல் இருந்தது. "வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசிடுடி" என்று நீட்டினாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் எண் ஒன்றுதான். அழுத்திவிட்டேன். மணி அடித்தது. பழக்கதோஷத்தில், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டும்விட்டேன்.

எடுத்தது நீங்கள். காற்று இரைச்சலில் என் குரல் உங்களுக்குப் பிடிபடவில்லை.

"அவ கடைக்குப் போயிருக்காம்மா. வந்ததும் பேசச் சொல்றேன்" என்றீர்கள்.

"சரிங்க" என்று வைத்துவிட்டேன். அம்மா இறந்துபோனதை நானும் உங்களுக்கு நினைவுபடுத்தவில்லை. அது நான்தான் அப்பா.

இங்கே குளிர் தாங்கவில்லை. பீரோவில் இருக்கும் அம்மாவின் கம்பளிச் சால்வையை அனுப்பிவையுங்கள். அம்மாவின் போனுக்கு சார்ஜ் போட மறந்துவிடாதீர்கள். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஞாயிறன்று அதே எண்ணுக்குக் கூப்பிடுகிறேன். அம்மாவைப் பற்றியே பேசுவோம்.

உங்கள் மகள்