எந்தக் கல்லூரி கடினம் என்று கேட்டார்கள்

அன்புள்ளவளே,

இன்று காலை என் மேசைக்கு ஒரு விண்ணப்பப் படிவம் வந்தது. அதன் கீழ் மூலையில் இரண்டு கல்லூரிகளின் முத்திரைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரு பெண் டிப்ளோமாவின் முதல் வருடத்தை ஒரு கல்லூரியிலும் இரண்டாவதை இன்னொன்றிலும் படித்திருக்கிறாள். இப்போது எங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பின் இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரக் கேட்கிறாள். நேர்முகத்தில் என்னோடு இருந்த விரிவுரையாளர் பேச்சோடு பேச்சாக அவளிடம், "இரண்டில் எது கடினம்?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதே. என் காதில் அது விழவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை எழுதுகிறேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாம் இரண்டு பேரும் இரசாயனவியல் டிப்ளோமா படித்தோம். நான் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு பக்கத்துக் கல்லூரிக்குப் போனேன். நீ நகரத்தின் மறுபக்கம் வெம்பிளியில் உன் அண்ணையோடு இருந்து அங்கே ஒரு கல்லூரிக்குப் போனாய். ஒரே டிப்ளோமா, ஒரே பாடங்கள். ஆனால் வினாத்தாளை அந்தந்தக் கல்லூரியே தயாரித்து அதுவே திருத்தியது. அங்கேதான் வந்தது வினை.

சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, ரெயில் மாறி, உன் வீட்டுக்கு வருவேன். அண்ணை பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்டுக்குப் போயிருப்பார். குசினி மேசையில் மணிக்கூட்டை வைத்துவிட்டு, என் கல்லூரியின் பழைய வினாத்தாளை நீ எழுதுவாய், உன் கல்லூரியினதை நான் எழுதுவேன். ஊரில் ரியூட்டரி வகுப்புகளில் பழகிய பழக்கம் நம்மை லண்டனிலும் விடவில்லை. என் தாளில் நீ எண்பத்தெட்டு எடுத்தாய். உன் தாளில் நான் நாற்பத்தொன்று. சிவப்புப் பேனையால் நாற்பத்தொன்றைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"உன்ர கொலிச்சில பேரை எழுதினாலே பாதி மார்க்ஸ் தருவினம் போல கிடக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பிடியெண்டால் நீயும் அங்க வாவனடி. இரண்டாம் வருசத்துக்கு இடம் இருக்குதாம்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த முதல் வருட முடிவில் உனக்குக் கிடைத்தது ஐம்பத்தேழு, எனக்கு எழுபத்தெட்டு. பல்கலைக்கழகம் கேட்டது அறுபது. நீ மாறியிருந்தால் அறுபதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருப்பாய். நீ அசையவில்லை.

"கஷ்டமான இடத்தில எடுத்த அம்பத்தேழுக்கு ஒரு மதிப்பு இருக்குதடி. அது பாக்கிறவைக்குத் தெரியும்."

அது எப்படி உன் தலைக்குள் ஏறியது என்று எனக்குத் தெரியும். ஊரில் பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி வைத்திருந்தார்கள், அதற்குக் கீழே எடுத்தால் இடமில்லை. நம்முடைய மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிக்கு நீ நான்கு புள்ளி குறைவு, நான் ஆறு. அதே புள்ளியோடு வேறு மாவட்டத்துப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு, எந்தப் புள்ளியையும் அது எந்த இடத்துப் புள்ளி என்று பார்த்துத்தான் நிறுப்பார்கள் என்று இரண்டு பேருமே நம்பினோம். கடல் தாண்டியும் அந்த நம்பிக்கை போகவில்லை. இந்த முறை தராசு உன் பக்கம் சாயும் என்று நீ காத்திருந்தாய். என் எழுபத்தெட்டை வெட்டிவிடுவார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

உன் அவசரம் எனக்கு இல்லை என்பதும் உண்மை. டிப்ளோமாவுக்குப் பிறகு இரண்டு வருடம்தான் பொறுப்பேன் என்று உன் அண்ணை என் முன்னாலேயே சொல்லிவிட்டார். "மூண்டு எண்டால் ஏலாது. மாப்பிள்ளை வீட்டார் காத்துக்கொண்டு நிக்கமாட்டினம்." இரண்டாம் வருடத்தில் நேராகச் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் பட்டம். முதலாம் வருடத்தில் இருந்து தொடங்கச் சொன்னால் மூன்று. உனக்கு எல்லாமே அந்த ஒரு வருடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் வருட முடிவிலும் உனக்கு அதே ஐம்பத்தேழு, எனக்கு அதே எழுபத்தெட்டு. பல்கலைக்கழகத்தில் இருவரையும் நேர்முகத்துக்கு ஒரே நாளில் கூப்பிட்டார்கள். நடைபாதையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ அண்ணியின் கறுப்புச் சப்பாத்தைப் போட்டு வந்திருந்தாய், அது உனக்குப் பெரிது, குதிக்குள் கடதாசி மடித்து வைத்திருந்தாய். வாயைத் திறந்தால் படித்தது மறந்துவிடும் என்பது போல இரண்டு பேரும் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். முதலில் உன்னைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தாய். உன்னிடம் ஒரு சொல் கேட்பதற்குள் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நீ என் கையை ஒருமுறை இறுக்கிவிட்டுப் போனாய்.

உள்ளே இருந்தவர் வயதான பேராசிரியர், தன்மையான மனுசன். அணு அமைப்பைப் பற்றிக் கேட்டார், ஆய்வுகூடத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நீங்கள் இருவரும் வெளியே சேர்ந்திருந்ததைப் பார்த்தேன். படிப்பைப் பற்றிப் பேசிக்கொள்வீர்கள்தானே. இரண்டு கல்லூரிகளையும் ஒப்பிட்டால் எது கடினம்?"

நாற்பத்தொன்று என் கண்ணுக்கு முன்னால் நின்றது, உன் சிவப்பு வட்டத்தோடு. உன்னுடையதுதான் கடினம் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி லண்டனிலேயே இருந்திருக்காது. ஆனால் அதைச் சொன்னால் என் எழுபத்தெட்டு என்ன ஆகும்? ஊரில் வெட்டியது போல இங்கேயும் வெட்டி, என்னையும் கீழே தள்ளிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"இரண்டும் ஒன்றுதான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எதையோ எழுதினார். எனக்கு நன்றி சொன்னார்.

பஸ்ஸில் மேல்தட்டில் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். நீதான் முதலில் தொடங்கினாய்.

"எடியே, அந்தாள் கடைசியில உன்ர கொலிச்சைப் பற்றியும் கேட்டவர். எது கஷ்டமெண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்லிப்போட்டன். உன்ரது லேசெண்டு என்ர வாயால எப்பிடியடி சொல்லுறது? உன்ர மார்க்ஸையெல்லோ வெட்டிப்போடுவினம்."

இரண்டு வருடமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள் நீ. கேட்டபோது எனக்காக அதைக் கைவிட்டுவிட்டு, குதிக்குள் இருந்த கடதாசியை எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு எழும்பி ஓடவேண்டும் போல இருந்தது.

"உன்னட்டயும் கேட்டவரோ?" என்றாய்.

"ஓம்."

"நீ என்ன சொன்னனி?"

"உன்ரதுதான் கஷ்டமெண்டு சொன்னனான்" என்றேன்.

உன் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். "அப்ப காணுமடி. நீ சொன்னால் நம்புவினம்" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாய்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை. தினமும் தொலைபேசியில் "கடிதம் வந்ததோ?" என்று கேட்பாய். உண்மையைச் சொல்லிவிட, பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுத, அந்த மூன்று கிழமையும் எனக்கு இருந்தது. இரண்டு தரம் எழுதத் தொடங்கினேன். இரண்டு தரமும் கிழித்துப்போட்டேன். கடைசியில் எனக்கு இரண்டாம் வருடம் கிடைத்தது. உனக்கு முதலாம் வருடத்தில் இடம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நீ அழவில்லை. "நீ சொல்லியும் அவையள் எடுக்கேல்லைப் போல. பரவாயில்லை, விடு" என்று எனக்குத் தேறுதல் சொன்னாய். எனக்கு!

அண்ணை சொன்ன சொல்லில் நின்றார். அந்த வருட முடிவுக்குள் உனக்குக் கலியாணம். உன் கணவர் நல்ல மனிதர், நீயும் நன்றாகத்தான் வாழ்ந்தாய், நான் அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் நீ வேலை செய்த மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு நின்று, பெட்டிகளில் ஸ்ரிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தபோதும் எந்த மருந்துக்குள் என்ன மூலக்கூறு என்று என்னை மடக்குவாய். பட்டம் பெற்ற எனக்குப் பாதி நேரம் விடை தெரியாது. நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது.

இப்போது நானே அந்த மேசைக்கு மறுபக்கம் இருக்கிறேன். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். யாருடைய புள்ளியையும் நாங்கள் வெட்டுவதில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று புள்ளி குறையும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். "ஓம், அந்தக் கல்லூரி கடினம்" என்று நம்பத்தகுந்த ஒரு வார்த்தை கிடைத்தால் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அன்றைக்கு அந்த மனிதர் உன்னை உள்ளே எடுக்கத்தான் வழி தேடியிருக்கிறார். என் எழுபத்தெட்டு எங்கும் போயிருக்காது. ஒன்றுமில்லாததற்குப் பயந்து உன் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டேன்.

சென்ற மாரிகாலத்தில் நீ வைத்தியசாலையில் கிடந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் வந்தேன். ஒவ்வொரு நாளும் உன் கட்டிலைச் சுற்றி ஆட்கள். ஆட்கள் இல்லாத ஒரு நாளும் இருந்தது. அன்றைக்குத் தோடம்பழம் உரித்துத் தந்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ எங்களை விட்டுப் போன முப்பத்தோராம் நாள், உன் வீட்டில் சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, உன் கணவர் என்னிடம் வந்து நின்றார்.

"தங்கச்சி, அவ பிள்ளைக்கு அடிக்கடி சொல்லுவா. 'இன்ரவியூவில நான் அவளை விட்டுக்குடுக்கேல்லை, அவளும் என்னை விட்டுக்குடுக்கேல்லை. படிப்புப் போனாலும் எனக்கு அது காணும்' எண்டு."

உன் மகள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயது. உன் கண்களை அப்படியே வைத்திருக்கிறாள். அண்ணாந்து என்னைப் பார்த்து, "இஸ் தட் ட்ரூ, அன்ரி?" என்று கேட்டாள்.

நான் "ஓம்" என்றேன்.