மோட்டாரைத் தூக்க முடியாதவன்

ஐயா,

இன்றைக்குப் பதுளையில் உங்கள் நினைவாக நடந்த கூட்டத்தில் என் மானம் போனது. ஒலிபெருக்கியில் என் பெயரை முழுசாக வாசித்தார்கள். எனக்குள் என்ன புகுந்ததோ, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டி, தலையைக் குனிந்துகொண்டு எழுந்து நின்றேன். மண்டபமே அடங்கிப்போனது. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, இது கோர்ட்டு இல்ல. மேடைக்குக் கூப்பிடுறாங்க. கைய எடுங்க.”

போனேன். வெறுங்காலோடுதான்.

தப்பு என்னுடையது மட்டுமல்ல. மேடையில் கறுப்புக் கோட்டோடு உங்கள் படத்தை வைத்திருந்தார்கள். உங்கள் முகமும் என் பெயரும் ஓரிடத்தில் சேர்ந்தால் என் கைகள் தாமாகவே கட்டிக்கொள்ளும்.

நீங்கள் போன பிறகு, உங்களிடம் வேலை பழகிய லோயர்மார் சேர்ந்து, சட்டம் படிக்கப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உங்கள் பெயரில் ஒரு புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள். இந்த முறை அது என் மகளுக்கு; தகப்பன் என்று என்னையும் மேடைக்கு அழைத்தார்கள். படிப்பில் அவள் என்னைக் கொண்டு பிறக்கவில்லை, நல்லவேளை.

உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ. தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் மோட்டார் களவு போனது. அதைப் பார்த்துக்கொண்டவன் நான் என்பதால் என்னையே பிடித்தார்கள். எனக்குக் கல்யாணமான புதிது. ஜாமீனில் வந்து உங்கள் அறையில் உட்கார்ந்தபோது, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, “ஐயா, நான் வந்து...” என்று ஆரம்பித்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

“வேணாம்பா. செஞ்சியா இல்லையான்னு நான் யாரையும் கேக்கிறதில்ல. செஞ்சான்னு சொல்றவன் நிரூபிக்கட்டும். நீ டீயக் குடி.”

குடித்தேன். சொல்ல வந்ததும் டீயோடு உள்ளே போய்விட்டது.

வழக்கு நாளில், கூண்டில் ஏறுமுன் இன்னொன்றும் சொன்னீர்கள். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததுக்கு வாயத் தொறக்காத.”

பிறகு தோட்டத்துக் காவல்காரரைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் மோட்டாரோடு இருட்டில் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் அவர்.

“அந்த மோட்டார லொறியில இருந்து எறக்கினப்போ எத்தன பேரு தூக்குனீங்க?”

“நாலு பேருங்க.”

“இவரு ஒத்த ஆளாத் தூக்கிட்டுப் போனாரு?”

நீங்கள் என் பக்கம் திரும்பி, “கையக் கொஞ்சம் தூக்கிக் காட்டுப்பா” என்றீர்கள். தூக்கினேன். இரவல் சட்டையின் கை தோள்வரை சரிந்தது. உள்ளே விளக்குமாற்றுக் குச்சி. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்குமுன்பே சிங்களமும் தமிழும் சேர்ந்து சிரித்தன. நீதவான்கூட மீசையைத் தடவி மறைத்துக்கொண்டார். விடுதலை. உடம்பில் சதை இல்லாததற்காகச் சாமிக்குத் தேங்காய் உடைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றபோது கூட்டாளி ஒருவன் கேட்டான்: “ஏண்டா, சின்ன மோட்டாரா இருந்தா தூக்கியிருப்பியோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. என்னால் தூக்க முடியாது என்று நிரூபித்துவிட்டீர்கள். தூக்க மாட்டேன் என்று நீங்கள் நம்பினீர்களா? அது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் எத்தனையோ தடவை உங்களைக் கண்டிருக்கிறேன்.

“என்னப்பா, இன்னும் சதை போடலியா?”

“போட்டா மறுபடி புடிச்சிருவாங்கய்யா.”

வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். செஞ்சியா என்று இன்றைக்காவது கேட்பீர்களா என நான் நிற்பேன். குடையைத் தட்டிக்கொண்டு போய்விடுவீர்கள்.

இன்றைக்கு உங்கள் ஜூனியரம்மா மேடையில் பேசினார். “ஐயா ஒருத்தரக்கூட ‘நீ செஞ்சியா’ன்னு கேட்டதில்ல. அதுதான் அவரு அவங்களுக்குக் குடுத்த மரியாதை.” மண்டபம் கைதட்டியது. அதை மரியாதை என்று இத்தனை காலம் எனக்குத் தோன்றியதே இல்லை. நானும் தட்டினேன், கொஞ்சம் பிந்தி.

பிறகு பூப்போட அழைத்தார்கள். படத்துக்கு முன்னால் நின்றேன். அதே பார்வை. வாய்வரை வந்தது. பக்கத்தில் மகள் நின்றாள். பூவை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “அந்தக் கேஸப் பத்தி நீ என்னைய ஒண்ணுமே கேட்டதில்லியே புள்ள?”

“கேக்க மாட்டேன்ப்பா. நான் லோயராகப் போறேன்ல.” பெருமையாகச் சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும், “எலும்பு குத்துதுப்பா” என்று சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

ஆக, இனி இதைக் கேட்க எனக்கு ஆளில்லை. கேட்காததுக்கு வாய் திறக்காதே என்றீர்கள். உங்கள் படத்துக்கு முன்னாலும் திறக்கவில்லை, அவளிடமும் திறக்கவில்லை. அன்று டீயோடு விழுங்கியது இன்னும் அப்படியே கிடக்கிறது. எழுதுவதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை அல்லவா?

அந்த மோட்டாரை நான் எடுக்கவில்லை, ஐயா.