உச்சிக் கொப்பியில் ஒரு வரி

அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது எதிரே நின்று நாலு வார்த்தை பேசாதவள், போன பிறகு கடிதம் எழுதுகிறேன். இன்று அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டுக் கராஜில் உங்கள் மலையேறும் சப்பாத்துகளைத் தட்டினேன். நெவாடாப் பாலைவனத்துப் புழுதியோடு, அடியில் சிக்கியிருந்த சாம்பல் நிறக் கல் ஒன்றும் விழுந்தது.

தொழிற்சாலை லீவு முழுவதையும் அங்கேதான் செலவழித்தீர்கள். நில அளவையாளர்கள் எப்போதோ மலையுச்சிகளில் பதித்துவிட்டுப் போன, உள்ளங்கை அகலப் பித்தளை வட்டுகளைத் தேடி. எங்கள் வீட்டின் முதல் பட்டமளிப்பான என் விழாவுக்கும் நீங்கள் வரவில்லை. "பிளேன் ரிக்கெற் போட்டிட்டன் பிள்ளை" என்றீர்கள். விழாத் திகதி தெரிந்த பிறகுதான் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அவவின் கைப்பை இருந்தது.

நான் படித்தது பாறைகளைப் பற்றி. "டொக்டருக்குப் படியெண்டால் உவள் கல்லுப் படிக்கிறாள். அம்மி கொத்தப் போறாளோ?" என்று மாமாவிடம் போனில் சிரித்தீர்கள். நான் அடுத்த அறையில் இருந்தேன்.

இந்த ஏப்ரலில், உங்கள் வரைபடத்தோடு, விழா நாளில் நீங்கள் ஏறிய அந்த மலைக்குப் போனேன். பாதையே இல்லை. கால் வைத்த இடமெல்லாம் கல் சரிந்தது. ஆறு மணித்தியாலத்தின் பின் வட்டைக் கண்டேன். வெயிலில் கையைச் சுட்டது. பக்கத்தில் கற்குவியலுக்குள் தகரப் பெட்டி, அதற்குள் கொப்பி. வட்டைக் கண்டவர்கள் பெயரும் ஒரு வரியும் எழுதுவது வழக்கம் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் பெயருக்குக் கீழே, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில்: 'இன்று என் மகள் டொக்டர் ஆகிறாள்.' அதற்கும் கீழே முன்பின் தெரியாத ஒருவர்: 'டொக்டருக்கு வாழ்த்துகள்!'

வருடத்துக்கு இரண்டு பேர் வந்தால் அதிகமான இடம். அங்கேகூட நான் படித்ததை எழுத உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. பென்சில் என் கையில் இருந்தது. அந்த வரியை வெட்டவில்லை. மற்றவர் வரியில் கைவைக்கக் கூடாது என்பதும் நீங்கள் சொன்னதுதான். என் பெயரை மட்டும் எழுதிவிட்டு இறங்கினேன்.

இத்தனை மலை ஏறினீர்கள், காலடியில் கிடந்ததை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. சப்பாத்திலிருந்து விழுந்த கல்லை மேசையில் வைத்திருக்கிறேன். எறிய மனம் வரவில்லை.

ஒன்றே ஒன்று, அப்பா. கனவிலாவது வந்து ஒருமுறை கேளுங்கள்: "உது என்ன கல்லு, பிள்ளை?"