சல்லடையை மூடியது நான்தான்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். பெரியம்மா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் வழக்கம்போலத் தனிக்கட்சி. நீயும் மருமகளும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். உன் வேலையை நிரந்தரமாக்கும் மாதம் இது என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ காற்றோட்டம் அமைத்துக் கொடுத்த புது ரயில் படுக்கை வண்டியில்தான் வந்தேன். விரிப்பு சுத்தம், ஏணிப்படி அகலம், விளக்கு கண்ணைக் குத்தவில்லை. ஆனால் கதவருகே கால்மட்டத்தில் ஓட்டை போட்ட தகடு, ஒரு சல்லடை இருக்கிறதே, அங்கே கணுக்கால் சில்லென்றிருந்தது. குளிர்காற்று அதிலிருந்துதான் வருகிறது என்று நினைத்து, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையை அளவெடுத்துக் கைப்பைக் கத்தரிக்கோலால் வெட்டி, முழங்காலுக்கு வைத்திருந்த பிளாஸ்திரியால் நான்கு பக்கமும் ஒட்டி மூடினேன். ஓரம் பிசிறில்லாமல் அமைந்தது. மத்தியானத்துக்குள் நாங்கள் நான்கு பேர் இருந்த அறை வெந்நீர் அண்டாவாகிவிட்டது. மேல் படுக்கைத் தையல்காரர் தலையை நீட்டி, என்னம்மா, நம்மளை அவிச்சுத்தான் இறக்குவாங்க போலிருக்கே என்றார். அவர் மனைவி மூச்சு முட்டி நடைவழியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம், புகார்ப் புத்தகத்தை வரவழைத்து ஒரு பக்கம் எழுதினேன். இதை அமைத்தவர் மூடிய அறையில் ஒரு நாளாவது மனிதர்களோடு இருந்து பார்த்ததில்லை என்று முடித்துக் கையெழுத்தும் போட்டேன். பெற்ற பிள்ளை என்பதற்காக ஒரு சொல் குறைக்கவில்லை, கான்வென்ட் சிஸ்டர்கள் என்னை அப்படி வளர்க்கவில்லை.

பிறகுதான் மெக்கானிக் வந்தார். குனிந்து அட்டையை உரித்தெடுத்து, அம்மா, இது காத்து வர்ற வழி இல்லை, போற வழி, பழசு போகலைன்னா புதுசு எப்படி உள்ளே வரும் என்றார். தையல்காரர் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்து, வெட்டுக்கு மட்டும் உங்களை நம்ம கடையில சேர்த்துக்கலாம்மா என்றார். பத்து நிமிடத்தில் அறை குளிர்ந்தது. தையல்காரர் மனைவியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். புகாரைக் கிழிக்க வண்டி ஊழியர்கள் விடவில்லை, பக்கத்துக்கு எண் உண்டாம். அதனால் கீழே, தவறு என்னுடையது என்று எழுதினேன். ஆனால் உங்கள் ஆபீசில் கடைசி வரிவரை யார் படிக்கிறார்கள்? ஆகவே இந்தக் கடிதத்தை உன் பெரிய அதிகாரியிடம் காட்டு, அம்மாவின் மானத்தைக் காப்பதாக நினைத்து ஒளித்துவைக்காதே. கூடவே, சல்லடைமேல், காற்று வெளியேறும் வழி, மூடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடச் சொல். புத்தியுள்ளவர்களும் மூடுவார்கள்.

கடவுள் உங்கள் இருவரையும் நோய்நொடியின்றி வைக்கட்டும். படுக்கையறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதே. பதினெட்டாம் தேதி அதே வண்டியில்தான் திரும்புகிறேன், கத்தரிக்கோலைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு.

இப்படிக்கு,
புகார் எழுதிய
உன் அம்மா