நடுப்பிள்ளையின் கை

அடியே மாலா, என் கண்ணே,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். காய்ச்சல்தானே, இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள், இப்படியா ஒரேயடியாகப் போவாய்? உன் நாலாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். அந்த வகுப்பில்தான் உன் பெண் கயலும் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை நினைத்துப் பார்த்தாயா?

நீ போனதிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதுகிறாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள். பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள். வகுப்பில் உன்னையே “டீச்சர், டீச்சர்” என்று கூப்பிட்டுத் தொணதொணத்தவளா இவள்? நானும் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். ம்ஹூம்.

இன்று காலை உன் வீட்டுக்காரர் வந்து நின்றார். முகமெல்லாம் தாடி, கம்பெனிச் சட்டையோடு.

“டீச்சர், பொண்ணுக்கு டிசி குடுத்துடுங்க. அரக்கோணத்துல எங்க அக்கா ஊட்ல வுட்டுடறேன்.”

“ஏன் தம்பி, இங்க என்ன குறைச்சல்?”

“நான் ஷிப்டுக்குப் பூட்டா ஊட்ல யாரு கீறா, சொல்லுங்க? ஒரு வார்த்த பேச மாட்டுது. அங்க அத்த புள்ளைங்களோட இருந்தா பேசும்.”

எனக்குத் திக்கென்றது. பெற்றவர் கேட்டால் நம் தலைமையாசிரியை கொடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உன்னைத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது இருக்குமா? “சாப்பாட்டு மணி வரைக்கும் பொறுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போனேன். அவர் வராந்தாவிலேயே நின்றார்.

இன்றைய பாடம் இணைப்புச் சொற்கள். ஆனால், அதனால், ஏனென்றால் என்று பலகையில் எழுதி ஒப்பிக்க வைத்து நான் முடித்துவிடுவேன். நீ விடுவாயா? இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வைத்து, நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்துவாய். நடுப்பிள்ளை இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டையும் சேர்க்கிற சொல்லைச் சொல்ல வேண்டும். சொல் வரும்வரை ஒருத்தரும் கையை விடக்கூடாது. அது நீ போட்ட சட்டம்.

எந்தத் தைரியத்தில் கயலை நடுவில் கூப்பிட்டேனோ, எனக்கே தெரியவில்லை. வந்து நின்றாள். ஒரு பக்கம் சரண்யா, மறுபக்கம் முபினா.

“காலைலேர்ந்து மழ பெஞ்சுது” என்றாள் சரண்யா.

“நாங்க ஸ்கூலுக்கு வந்துட்டோம்” என்றாள் முபினா.

கயல் தரையைப் பார்த்தாள். ஒரே ஒரு சொல், என் தங்கமே, ஒன்றே ஒன்று சொல்லேன் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். ஜன்னலில் உன் வீட்டுக்காரரின் முகம்.

மணி அடித்துவிட்டது. முட்டை போடுகிற நாள் வேறு. மற்ற பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். இந்த மூன்றும் நகரவில்லை.

“போதும், கையை விடுங்கடி. சாப்பிடப் போங்க.” என்றேன்.

“முடியாது டீச்சர்” என்றாள் சரண்யா. “வார்த்த வர்ற வரிக்கும் கைய வுடக்கூடாதுன்னு மாலா டீச்சர் சொல்லிக்கீறாங்க.”

அவர் கதவருகே வந்துவிட்டார். “பாவம், வுட்டுடுங்க டீச்சர். எனக்கும் டைம் ஆவுது.”

அப்போது முபினாவின் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. எல்லோருக்கும் கேட்டது. கயல் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“பசிக்குதாடி?” என்றாள்.

மாலா, நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். முபினாவோ, தினமும் பேசுகிறவளுக்குப் பதில் சொல்வதுபோல, “பின்ன? முட்ட ஆறிப்பூடும். நீ வந்தா வரோம்” என்றாள்.

“வா, போலாம்.”

மூன்றும் கையை விடாமலே, கதவில் நின்ற அப்பனை இடித்துக்கொண்டு ஓடின. அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “டிசி?” என்று கேட்டேன்.

“பரீட்ச முடியட்டும் டீச்சர். அப்பால பாக்கலாம்.”

“அதுவரைக்கும் சாயங்காலத்துல எங்க வீட்ல இருக்கட்டும் தம்பி. நீங்க வேலை முடிஞ்சு வந்து கூட்டிட்டுப் போங்க.” தலையாட்டினார்.

இதோ, எதிரில் உட்கார்ந்து முறுக்குக் கடிக்கிறாள் உன் பெண். சாயங்காலத்திலிருந்து மறுபடி ஒரு சொல் இல்லை. பரீட்சைக்குள் பேசிவிடுவாளா? எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மாலா. இப்போதுதான் நான் கையை நீட்டினேன். முறுக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டாள். அதனால்தான் எழுத்து இப்படிக் கோணல்மாணலாகப் போகிறது.

அந்த இரண்டு வாக்கியமும் இன்னும் சேராமலேதான் நிற்கின்றன. போகட்டும், சொல் வரும்போது வரட்டும். நீ போட்ட சட்டம் எனக்கும்தான். நான் கையை விட மாட்டேன்.

கயலுக்கு இனிப் பெரியம்மாவான,
வனஜா